சீஸ், அட்டாச், கான்ஃபிஸ்கேட்: சொத்தையும் உரிமையையும் எடுக்கும் ஆங்கிலச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்றம், வங்கி, சுங்கத் துறை, ஆட்சியர் அலுவலகம் என்று எங்கிருந்து வந்தாலும், ஆங்கிலத்தில் வரும் நோட்டீஸின் உயிர் பெரும்பாலும் ஒரே ஒரு வினைச்சொல்லில்தான் இருக்கிறது. அந்தச் சொல் புரியாமல் கெடுவைத் தவறவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கு உரியவை. வேறு நாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

செய்தித்தாளில் எல்லாவற்றையும் ‘பறிமுதல்’ என்றுதானே எழுதுகிறார்கள்? ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். போலீசார் ஒரு லாரியைப் பிடித்துக் காவல் நிலையத்தில் நிறுத்தினாலும் ‘பறிமுதல்’. சுங்கத் துறை தங்கத்தை அரசுக்கே சொந்தமாக்கினாலும் ‘பறிமுதல்’. வீட்டை விற்க முடியாதபடி அமலாக்கத் துறை முடக்கினாலும் சில நாள் அதே சொல். ஆனால் மூன்று பேரின் நிலையும் ஒன்றல்ல. லாரிக்காரருக்கு லாரி இன்னும் அவருடையது. சுவாதீனம், அதாவது பொருளைக் கைவசம் வைத்திருக்கும் நிலை மட்டும் போயிருக்கிறது. தங்கத்துக்காரருக்கு உரிமையே போய்விட்டது. வீட்டுக்காரருக்கு உரிமையும் இருக்கிறது, சுவாதீனமும் இருக்கிறது. விற்கவோ அடமானம் வைக்கவோ மட்டும் முடியாது.

பொருள் இப்போது யார் கையில், யார் பெயரில், ஈடாகப் பணம் வருமா, மீட்க எத்தனை நாள் என்பவைதான் கேட்க வேண்டியவை. ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் விடை வினைச்சொல்லிலேயே இருக்கும். ‘ஜப்தி’ என்று கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று மனம் உடைந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் பலருக்கு அன்று ஒன்றுமே முடிந்திருக்காது.

போலீசார் என் வண்டியை ‘சீஸ்’ செய்துவிட்டார்கள். அது அரசுக்குப் போய்விட்டதா?

இல்லை. சீஸ் என்றால் கைப்பற்றுதல். வழக்குக்குச் சான்றாக வேண்டும் என்றோ, குற்றத்தோடு தொடர்பு இருக்கும் என்ற சந்தேகத்திலோ பொருளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவில் இருந்த அதிகாரம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இருக்கிறது. வண்டியின் உரிமையாளர் நீங்களே. மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்து, வழக்கு நடக்கும் காலத்துக்கு வண்டியைத் திரும்பப் பெறலாம்.

காவல் நிலைய வாசல்களில் துருப்பிடித்து, செடி முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. புகைப்படமும் பஞ்சநாமாவும் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எடுத்துக்கொண்டு விரைவாக உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி மனுப் போடாமல் விட்ட ஏழைகளின் பிழைப்புதான் அங்கே மழையில் நனைந்துகொண்டிருக்கிறது.

அசையாச் சொத்தை இந்தப் பிரிவின் கீழ் போலீசார் கைப்பற்ற முடியாது என்று 2019இல் நெவாடா பிராப்பர்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டு ‘சீஸ் செய்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

‘இம்பவுண்ட்’ என்பதும் இதே பொருள்தானே?

பாஸ்போர்ட் விஷயத்தில் இந்த இரண்டும் வேறு என்று உச்ச நீதிமன்றமே பிரித்துக் காட்டியிருக்கிறது. 2008இல் சுரேஷ் நந்தா வழக்கு. சோதனையில் கிடைத்த பாஸ்போர்ட்டைப் புலனாய்வு அமைப்பு தன்னிடமே வைத்துக்கொண்டது. கைப்பற்றுவது ஒரு கணத்தில் நடக்கும் செயல். அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் அது இம்பவுண்ட், அதாவது முடக்கிவைத்தல். போலீசார் கைப்பற்றலாம், ஆனால் முடக்கிவைக்கும் அதிகாரம் 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு என்றது தீர்ப்பு. அதற்குக்கூட உரியவரின் பேச்சைக் கேட்க வேண்டும்.

பேச்சைக் கேட்காமல் முடக்கிய கதைதான் மேனகா காந்தி வழக்கு. 1977இல் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியபோது காரணம்கூடச் சொல்லவில்லை. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் எந்த நடைமுறையும் நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கே புது வலிமை கொடுத்தது.

வங்கிக் கணக்கு ‘ஃப்ரீஸ்’ ஆகிவிட்டது என்கிறார்கள். இது எந்த வகை?

முடக்கம். பணம் உங்களுடையது, எடுக்க முடியாது. வங்கிக் கணக்கும் கைப்பற்றத்தக்க ‘சொத்து’தான் என்று 1999இல் தபஸ் நியோகி வழக்கில் முடிவானதால் போலீசார் வங்கிக்கு எழுதி முடக்கலாம். செய்தவுடன் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊர்க் காவல் நிலையம், என்ன வழக்கு எண் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குவதுதான் முதல் வேலை. அது தெரியாமல் எந்த வழக்கறிஞராலும் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது.

‘அட்டாச்மென்ட்’ என்றால் ஜப்தி. ஜப்தி வந்தால் அமீனா, அதாவது உத்தரவை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியர், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவாரா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்தி என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் இருக்கும் அச்சம் வேறு எதற்கும் இல்லை. தெருவில் அமீனா வந்தார் என்பதற்காகவே தலைகுனிந்து ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு.

சட்டத்தில் அட்டாச்மென்ட் என்பது ஒரு கட்டு. கடன் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகவோ, சில நேரம் தீர்ப்புக்கு முன்பேயோ, சொத்தை நீதிமன்றம் கட்டிவைக்கிறது. வீடு, நிலம் என்றால் அதை விற்கவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது என்ற தடை உத்தரவுதான் அதன் வடிவம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை, 54ஆம் விதி அந்த உத்தரவைத் தமுக்கடித்து அறிவிக்கவும், சொத்தின் மேலும் நீதிமன்றத்திலும் ஒட்டவும் சொல்கிறது. அதன்பின் தனியாக விற்றால், ஜப்தி வாங்கியவரின் கோரிக்கைக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. உரிமை மாறுவது ஏலம் நடந்து, நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகுதான். ஜப்திக்கும் ஏலத்துக்கும் இடையில் பணம் கட்டலாம், ஆட்சேபிக்கலாம், தவணை கேட்கலாம்.

எல்லாவற்றையும் அள்ள முடியுமா என்றால், முடியாது. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டிவைக்கலாம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகைகளையும் தொடக் கூடாது. நம் ஊரில் அது தாலி. தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், வாழ்க்கைக்குத் தேவையான மாடு, விதைநெல், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. கூலியாளின் கூலியைப் பிடிக்க முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பொதுவாகத் தப்பும். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் கணக்கு வேறு. வருங்கால வைப்பு நிதி, அரசு ஓய்வூதியம், ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவையும் இந்த அரணுக்குள் வருகின்றன.

கணவர் பட்ட கடனுக்கு மனைவியின் பெயரிலுள்ள சொத்தை ஜப்தி செய்துவிட்டார்கள் என்றால், அதே 21ஆம் ஆணையின் 58ஆம் விதியின்படி மனைவி தனியாக உரிமை கோரலாம். ஏலம் நடந்த பிறகு அந்த மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே உடனே செய்ய வேண்டும்.

அமலாக்கத் துறை ‘இத்தனை கோடி சொத்து அட்டாச் செய்தது’ என்று வரும் செய்தி?

அதுவும் கட்டுத்தான், ஆனால் பிடி இறுக்கம். 2002ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் முதலில் வருவது தற்காலிக முடக்கம். அதிகபட்சம் 180 நாள். அதற்குள் தீர்ப்பளிக்கும் அதிகாரி உறுதிசெய்யாவிட்டால் அது விழுந்துவிடும். உறுதிசெய்தால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தற்காலிகக் கட்டத்தில் அந்த வீட்டில் குடியிருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமான பிறகு சிறப்பு நீதிமன்றம் செய்வதுதான் கான்ஃபிஸ்கேஷன், அதாவது உண்மையான பறிமுதல். முடக்கிய அன்றே ‘கோடிகள் பறிமுதல்’ என்று தலைப்புப் போடுவது ஒருவரைத் தீர்ப்புக்கு முன்பே குற்றவாளியாக்குவது. செய்தி எழுதுகிற நண்பர்கள் இந்த ஒரு சொல்லில் கவனமாக இருந்தால் பெரிய புண்ணியம்.

வங்கி வீட்டுக் கதவில் ‘பொசஷன் நோட்டீஸ்’ ஒட்டிவிட்டது. வீடு போய்விட்டதா?

இன்னும் இல்லை. கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி முதலில் 13(2) பிரிவின் கீழ் 60 நாள் கெடு கொடுத்துக் கேட்க வேண்டும். நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்தால் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் 13(4). கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில், அவற்றில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது ‘சிம்பாலிக் பொசஷன்’. காகித அளவிலான சுவாதீனம். நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள். ஆனால் அந்தத் தேதியிலிருந்து கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு 45 நாள்தான். ‘இன்னும் வெளியேற்றவில்லையே’ என்று காத்திருந்து இந்த 45 நாளைத் தொலைப்பவர்கள் மிக அதிகம். ஆட்களை வெளியேற்ற வேண்டுமானால் வங்கி 14ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டின் உதவியைக் கேட்கும்.

விவசாய நிலத்தின் மேலுள்ள பிணையத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் மீட்பு. ‘ஃபோர்க்ளோஷர்’ என்ற சொல்லை வங்கிகள் இங்கே வேறு பொருளில், கடனை முன்கூட்டியே அடைத்து முடிப்பதற்குப் பயன்படுத்துகின்றன. அடமானச் சட்டத்தில் அதன் பொருள், சொத்தை மீட்கும் உரிமையையே அடைத்துவிடுவது. எங்கே வந்திருக்கிறது என்று பார்த்துப் படியுங்கள்.

கான்ஃபிஸ்கேஷன், ஃபோர்ஃபீச்சர் – இரண்டும் பறிமுதல்தானா?

இரண்டிலும் உரிமை போகிறது. போகும் வழி வேறு.

கான்ஃபிஸ்கேஷன் அரசு செய்வது. விமான நிலையத் தங்கம் நல்ல உதாரணம். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் முதலில் 110ஆம் பிரிவின் கீழ் கைப்பற்றுவார்கள். ஆறு மாதத்துக்குள், நீட்டித்தால் மேலும் ஆறு மாதத்துக்குள், காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். விசாரணைக்குப் பின் வரும் உத்தரவுதான் பறிமுதல். அப்போதும் 125ஆம் பிரிவின் கீழ் அபராதம் கட்டிப் பொருளை மீட்கும் வாய்ப்பைக் கேட்க இடமுண்டு.

ஃபோர்ஃபீச்சர் உங்கள் பக்கத் தவறால் உரிமை கழன்றுபோவது. எடுத்துக்கொள்பவர் அரசாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ், ஜாமீன் பத்திரத் தொகை, குத்தகை, பணிக்கொடை எல்லாவற்றிலும் இந்தச் சொல் வரும். கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ‘ரத்து செய்தால் கட்டிய முழுத் தொகையும் ஃபோர்ஃபீட்’ என்று எழுதியிருப்பதாலேயே அது முடிந்த கதை ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது என்று 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது.

புத்தகங்களுக்கும் இதே சொல் வந்திருக்கிறது. 1928இல் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு தடைசெய்தபோது பயன்பட்ட சட்டப் பிரிவு, அச்சிட்ட பிரதிகள் ‘மன்னர்பிரானுக்கு ஃபோர்ஃபீட்’ ஆகும் என்ற வகையில் அமைந்தது. பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பாட்டுக்கு ஆட்சி அவ்வளவு அஞ்சியது.

நிலத்தை அரசு எடுத்தால் அது அக்விசிஷனா, எக்ஸ்ப்ரோப்ரியேஷனா, எமினென்ட் டொமைனா?

இந்தியத் தாள்களில் வருவது அக்விசிஷன்: நிலமெடுப்பு, பழைய வழக்கில் ஆர்ஜிதம். பொதுத் தேவைக்காக, இழப்பீடு கொடுத்து, நிரந்தரமாக எடுப்பது. ரெக்விசிஷன் என்றால் தற்காலிகம். தேர்தல் நேரத்தில் பள்ளிக் கட்டடத்தையும் வாகனங்களையும் கேட்டு வாங்குவது அந்த வகை. எமினென்ட் டொமைன் என்பது அந்த அதிகாரத்தின் பெயர். டச்சு அறிஞர் குரோஷியஸ் 1625இல் லத்தீனில் வைத்த பெயர் அது. அமெரிக்காவில் இன்றும் அதுதான் வழக்கு. எக்ஸ்ப்ரோப்ரியேஷன் பெரும்பாலும் பன்னாட்டு முதலீட்டு ஒப்பந்தங்களில் வரும், அரசு தனியார் நிறுவனத்தை எடுத்துக்கொள்வதைக் குறிக்க.

‘பொதுத் தேவை’ என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாச் சண்டையும். அமெரிக்காவின் நியூ லண்டன் நகரம் தனியார் வளர்ச்சித் திட்டத்துக்காக வீடுகளை எடுத்தபோது, சூசெட் கீலோ என்ற செவிலியர் உச்ச நீதிமன்றம்வரை போராடினார். 2005இல் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார். பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயன்தான் என்றது பெரும்பான்மை. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. வீடுகள் இருந்த நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

இந்தியாவில் 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70. சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும். சந்தை மதிப்பின் மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை உண்டு. ஆனால் தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பெரும்பாலான நிலமெடுப்பு மாநிலத்தின் தனிச் சட்டங்களின் கீழ் நடக்கிறது: 1978ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத் திட்டச் சட்டம், 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கச் சட்டம், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். இவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாதவை என்றது. மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒப்புதலும் தாக்க மதிப்பீடும் இந்த வழியில் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். சிப்காட்டுக்காகவோ சாலைக்காகவோ நோட்டீஸ் வந்தால் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை இல்லை என்கிறார்களே. அப்படியானால் அரசு விருப்பப்படி எடுக்கலாமா?

கூடாது. 44ஆவது திருத்தம் 1979 ஜூன் 20 முதல் அதை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. ஆனால் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு நிற்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவரிடமிருந்தும் சொத்தைப் பறிக்கக் கூடாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது. நோட்டீஸ் பெறுவது, பேச்சைக் கேட்கச் செய்வது, காரணத்தோடு கூடிய முடிவைப் பெறுவது, பொதுத் தேவை இருப்பது, நியாயமான இழப்பீடு, தாமதமில்லாத நடைமுறை, அது முறையாக முடிவுக்கு வருவது. பணம் கொடுத்தால் மட்டும் போதாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

‘எஸ்சீட்’ என்ற சொல் எங்கே வரும்?

வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து அரசுக்குப் போவது எஸ்சீட். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் அரசியலமைப்பின் 296ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. வாரிசு இல்லை என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சுமை கனமானது. சொத்தோடு அதன் கடன்களையும் அரசு ஏற்க வேண்டும்.

இதை அரசியல் ஆயுதமாக்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. ஆண் வாரிசு இல்லாத சமஸ்தானங்களை ‘லாப்ஸ்’, காலாவதி என்று சொல்லிக் கம்பெனி விழுங்கியது: சதாரா, ஜான்சி, நாக்பூர். தஞ்சாவூரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1855 அக்டோபரில் இரண்டாம் சிவாஜி இறந்தார். அடுத்த ஆண்டு கம்பெனி அதிகாரிகள் அரச உடைமைகளை மட்டுமன்றி, குடும்பத்தின் தனிச் சொத்துகளையும் சேர்த்து முத்திரையிட்டார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் அதை ஏற்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். கம்பெனி லண்டனுக்குப் போனது. 1859இல் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில், இது ‘ஆக்ட் ஆஃப் ஸ்டேட்’, ஓர் அரசின் இறையாண்மைச் செயல். சரியோ தவறோ, நீதிமன்றம் அதைத் தொட முடியாது என்று தீர்ப்பை மாற்றிவிட்டது. அரசு 1862இல் தனிச் சொத்துகளை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது, சலுகையாக.

எனக்கு இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கும். எஸ்சீட், லாப்ஸ், கான்ஃபிஸ்கேஷன் என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விதி உண்டு, எதிர்த்து வாதாட இடம் உண்டு. ஆக்ட் ஆஃப் ஸ்டேட் என்றதும் வாதாடும் இடமே மறைந்தது.

‘அட்டெயின்டர்’?

இங்கிலாந்தின் பழைய கொடுமை. விசாரணையே இல்லாமல் நாடாளுமன்றம் ஒருவரைச் சட்டம் போட்டுக் குற்றவாளியாக்கி, அவர் நிலத்தையும் பிள்ளைகளின் வாரிசுரிமையையும் சேர்த்துப் பறிப்பது. அமெரிக்க அரசியலமைப்பு இதை வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் குற்றத்துக்காகச் சொத்து பறிபோவதை ஒழித்தது. இன்று உங்களுக்கு வரும் எந்த நோட்டீஸிலும் இந்தச் சொல் இருக்காது.

உரிமம், பதவி, தொழில் ஆகியவற்றைப் பறிக்கும்போது வரும் சொற்கள்?

சஸ்பென்ட் தற்காலிக நிறுத்தம். காலம் முடிந்தால் தானே உயிர்பெறும். ரிவோக், கேன்சல் இரண்டும் ரத்து. மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிபார் என்றால் குறிப்பிட்ட ஒன்றில் பங்கேற்கத் தடை, தேர்வு, ஒப்பந்தப்புள்ளி போன்றவை. டிஸ்குவாலிஃபை என்றால் தகுதியிழப்பு. டிஸ்பார் வழக்கறிஞரை அவையிலிருந்து நீக்குவது.

கடைசிச் சொல்லின் வலியை வ.உ.சி. அறிந்திருந்தார். 1908இல் தண்டனை பெற்றதால் வழக்காடும் சன்னதை, அதாவது உரிமத்தை, இழந்தார். 1912 இறுதியில் விடுதலையானபோது கப்பல் கம்பெனியும் இல்லை, தொழிலும் இல்லை. பிறகு வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். காந்தியை 1922இல் லண்டன் வழக்கறிஞர் அமைப்பான இன்னர் டெம்பிள் நீக்கியது. மீண்டும் சேர்த்தது 1988இல், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

‘டிஸ்ஃப்ராஞ்சைஸ்’ என்றால் ஓட்டுரிமையைப் பறிப்பது மட்டும்தானா?

முதல் பொருள் அதுதான். இந்தியச் சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. அமெரிக்காவில் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் கைதிகளும் வாக்களிக்கிறார்கள்.

ஆனால் தமிழரின் வரலாற்றில் இந்தச் சொல்லுக்கு ஒரே முகம்தான்: இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த, இந்திய வம்சாவளித் தமிழர். 1931இல் அங்கே சர்வசன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. சுதந்திரம் வந்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது. லயம் என்ற தோட்டக் குடியிருப்பில் பிறந்து லயத்தில் இறந்தவர்களின் பிறப்பை யார் பதிவுசெய்து வைத்திருந்தார்கள்? அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்கள் மட்டுமே வாக்காளர் என்றார்கள். ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். இதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்துவந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். மலையக மக்களிடமிருந்து பறிக்கிறோம் என்றோ, அவர்களுடையதை ரத்துசெய்கிறோம் என்றோ அது சொல்லவில்லை. குடிமகன் யார் என்ற வரையறைதான் அந்த வேலையைச் செய்தது. வரையறைக்கு வெளியே நின்றவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். 1953இல் கோடாகன்பிள்ளை வழக்கில் பிரிவி கவுன்சில், இது குடியுரிமை பற்றிய இயல்பான சட்டம்தான் என்று ஏற்றுக்கொண்டதற்கும் அந்த வடிவம் உதவியது. மேலே சொன்ன சொற்கள் அத்தனையும் தெரிந்த ஒருவருக்குக்கூட இந்தப் பறிப்பு கண்ணில் பட்டிருக்காது.

பிறகு மக்களை எண்ணிப் பங்கிட்டார்கள். 1964 அக்டோபர் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உருவானவை. இலங்கையில் எஞ்சியவர்களுக்கு முழுக் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. 55 ஆண்டுகள்!

அரசியலமைப்பில் ‘டிப்ரைவ்’, ‘அப்ரிட்ஜ்’, ‘சஸ்பென்ட்’ எல்லாம் வருகின்றன. வேறுபாடு உண்டா?

உண்டு. டிப்ரைவ் முழுதாக இல்லாமல் ஆக்குவது. அப்ரிட்ஜ் குறைப்பது. 13(2) பிரிவு, அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை மட்டுமல்ல, குறைக்கும் சட்டத்தையும் செல்லாது என்கிறது. சஸ்பென்ட் இடைநிறுத்தம். நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று 1976இல் ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள், ஹெச். ஆர். கன்னா மட்டும் மறுத்தார். இப்போது 20, 21ஆம் பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பே தவறென்று தள்ளப்பட்டது.

நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் இதே மாதிரிச் சொற்கள் உண்டா?

உண்டு. சரண்டர், வெய்வ், ரெலின்க்விஷ். ஒப்படைப்பது, உரிமையைக் கைவிடுவது, விட்டுக்கொடுப்பது. மற்றச் சொற்களுக்கு எதிராக மேல்முறையீடு, கெடு, தீர்ப்பாயம் என்று ஏதாவது ஒரு கதவு இருக்கும். நீங்களே விரும்பிக் கொடுத்ததாக எழுதிய தாளை உடைப்பது மிகக் கடினம். ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இது அதிகம் நடப்பது பெண்களுக்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் மணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் முடிவானது. இவ்வளவு கிடைத்த பிறகும், ‘அண்ணனுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடும்மா’ என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், ரிலீஸ் டீட் என்ற விடுதலைப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கிவிடுகிறார்கள். சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது அந்தப் பங்குக்கு ஈடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மனமொப்பி விட்டுக்கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன் பத்திரத்தின் நகலை வீட்டுக்கு வாங்கிவந்து, அதில் எந்தச் சொத்து, எவ்வளவு பங்கு, கைமாறியதாக எழுதிய தொகை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். அண்ணன் தரப்பைச் சாராத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு வருமான வரம்பும் கிடையாது.